பூசானுக்கு மூணு டிக்கெட்!

வெளிநாட்டு டூர் என்று லீவ் லெட்டர் கொடுத்தால் போதும். ஆபீசே ஒரு தினுசாகச் சிரித்துக்கொண்டு "என்ன சார், பாங்காக்கா?" என்று கேட்கும். "இல்ல சார், பூசான்" என்றால் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். "அது எந்தப் பக்கம் இருக்கு?"

தென் கொரியாவின் தென்கிழக்கு மூலை. தலைநகர் சியோலில் ரயில் ஏறினால் தண்டவாளம் கடலில் போய் முட்டுகிற இடம். அந்த நாட்டின் இரண்டாவது பெரிய நகரம், முதல் பெரிய துறைமுகம். இன்னும் சுலபமாகச் சொல்ல வேண்டுமா? 2016-ல் 'ட்ரெயின் டு பூசான்' என்று ஒரு படம் வந்ததே... ரயில் பூரா செத்தவன் எல்லாம் எழுந்து உயிரோடு இருக்கிறவனைக் கடிப்பானே... அதே பூசான்தான்.

எங்கள் கோஷ்டியை அறிமுகப்படுத்திவிடுகிறேன். முதலில் ஆடிட்டர். சி.ஏ. ஃபைனல் நான்கு தடவை எழுதி, ஐந்தாம் தடவை அந்தப் பரீட்சைக்கு மன்னிப்பு கொடுத்து விட்டவன். பட்டம் மட்டும் நிலைத்துவிட்டது. சுத்த சைவம். கையில் எப்போதும் ஒரு செலவு நோட்டு. அடுத்து பேங்க். அரசாங்க வங்கியில் கேஷ் கவுன்ட்டர். மாடிப்படியைக்கூட இரண்டு தடவை எண்ணிவிட்டுத்தான் ஏறுவான். மூன்றாவது நான். பி.காம். படித்துவிட்டுக் கட்டுரை எழுதுகிறேன் என்பதால், எங்கள் கோஷ்டியில் வருமானம் இல்லாத ஒரே மெம்பர்.

நான்காவது ஆள் அங்கேயே இருந்தான். எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி 'மாப்ளே' என்றே வைத்துக்கொள்வோம். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர். ஹூண்டாய் 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஃபாக்டரிக்கு அடிக்கல் போட்டு, 1998-ல் சான்ட்ரோ காரை வெளியே விட்டதிலிருந்து அந்த வட்டாரத்துப் பையன்களுக்குக் கொரியா என்பது அடுத்த பஸ் ஸ்டாப் மாதிரி. மாப்ளேயை ஆறு மாத ட்ரெயினிங்குக்கு உல்சான் அனுப்பியிருந்தார்கள். உல்சானிலிருந்து பூசான் பஸ்ஸில் ஒரு மணி நேரம். "வந்தீங்கன்னா மூணு நாள் லீவு போடறேன்டா" என்றான். பல வருஷமாக 'கோவா போலாம், கோவா போலாம்' என்று பேசிக்கொண்டே மெரினாவைத் தாண்டாத நாங்கள், இப்படித்தான் ஒரு நவம்பரில் விசா எல்லாம் வாங்கி சியோலில் போய் இறங்கினோம்.

சியோல்-பூசான் கே.டி.எக்ஸ். ரயில் டிக்கெட் சுமார் 60 ஆயிரம் வான். ஆடிட்டருக்கு மூச்சு நின்று, பிறகு நம் காசுக்கு மாற்றிப் பார்த்து, மறுபடி நின்றது. ஆயிரம் வான் என்பது ஏறத்தாழ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூவாயிரத்து அறுநூறு. ஆனால் நம் சென்னை-திண்டுக்கல் தூரத்தை இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறான். காபி டம்ளர் ஆடவில்லை. யாரும் யாரையும் கடிக்கவும் இல்லை.

அந்தப் படத்தில் ஒரு விஷயம் கவனித்திருப்பீர்கள். நாடே கெட்டுப்போகும்போது பத்திரமான ஊர் என்று எல்லோரும் பூசானுக்குத்தான் ஓடுவார்கள். சும்மா எழுதின கதை இல்லை அது. 1950 ஜூன் 25-ந் தேதி வட கொரியப் படை எல்லையைத் தாண்டியது. மூன்றே நாளில் சியோல் விழுந்தது. ஆகஸ்டில் தெற்கின் கையில் மிச்சமிருந்தது பூசானைச் சுற்றி ஒரு மூலைதான். அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்தது. 1953 வரை, நடுவில் கொஞ்ச நாள் தவிர, பூசான்தான் தலைநகர். ஜனங்களும் வந்தார்கள். நடந்து, மாட்டு வண்டியில், ரயில் கூரை மேல் உட்கார்ந்து. போருக்கு முன் ஐந்து லட்சம்கூட இல்லாத ஊர், 1955-ல் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. இதே வழியில்தான் நாங்கள் ஏ.சி. கோச்சில் முறுக்கு தின்றுகொண்டு போனோம்.

ஸ்டேஷனில் மாப்ளே நின்றுகொண்டிருந்தான். கொஞ்சம் வெளுத்து, கொஞ்சம் இளைத்து, தலையைக் குனிந்து வணக்கம் சொல்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டு. ஆடிட்டருக்கும் குனிந்தான். "டேய், நாங்கதான்டா" என்று பேங்க் முதுகில் ஒன்று வைத்த பிறகுதான் நிமிர்ந்தான்.

தங்கினது ஹேவுண்டே கடற்கரைக்குப் பின் தெருவில் ஒரு சின்ன விடுதி. ஹேவுண்டே என்பது போஸ்ட் கார்டு பூசான். ஒன்றரை கிலோமீட்டர் மணல். முனையில் 101 மாடி, 411 மீட்டர் உயரத்தில் 2019-ல் கட்டி முடித்த கண்ணாடிக் கோபுரம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். நவம்பரில் தண்ணீர் ஐஸ். யாரும் குளிக்கவில்லை. மணலில் ஜோடிகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளது உள்ளபடி சொல்வதென்றால், கடற்கரை என்று பார்த்தால் நம்முடையது இதைவிடப் பெரிசு. சுண்டலும் உண்டு. அங்கே சுத்தம் உண்டு. இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்காது போலிருக்கிறது.

அந்த ராத்திரி மணலில் உட்கார்ந்திருந்தபோதுதான் மாப்ளே விஷயத்தை அவிழ்த்தான். கம்பெனி இன்னும் இரண்டு வருஷம் உல்சானிலேயே இருக்கச் சொல்கிறதாம். சம்பளம் இப்போது வாங்குவதைப்போல இரண்டரை மடங்கு. திங்கட்கிழமை கையெழுத்து போட வேண்டும். செய்யாறு பக்கத்துக் கிராமத்தில் அவன் அப்பா மட்டும் தனியாக இருக்கிறார். அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. அக்காவைக் கட்டிக் கொடுத்த இடம் திருச்சி.

"அப்பா என்ன சொன்னாரு?"

"உன் இஷ்டம்னு சொன்னாரு."

யாரும் பேசவில்லை. 'போகாதே' என்றால் சண்டை போடலாம். 'போ' என்றால் போகலாம். 'உன் இஷ்டம்' என்று ஒரு அப்பா சொல்லிவிட்டால் அதற்கு மேல் என்ன செய்வது? ஆடிட்டர் செலவு நோட்டில் இரண்டு பக்கத்துக்கு வரவு, செலவு கோடு போட்டு ஆரம்பித்து, அப்பா என்பதை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் மூடி வைத்துவிட்டான்.

விடுதிக்காரப் பாட்டிக்கு எழுபது தாண்டியிருக்கும். காலையில் எங்களைப் பார்த்ததும் முதல் கேள்வி, "பாப் மோகோஸ்ஸோ?" மாப்ளே மொழிபெயர்த்தான்: "சோறு தின்னாச்சா?" அங்கே குட் மார்னிங் மாதிரி இதைத்தான் கேட்கிறார்கள். பேங்க் உருகிவிட்டான். அப்பாவை 'அப்பா' என்கிறார்கள், அம்மாவை 'ஓம்மா' என்கிறார்கள், சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார்கள், நாமெல்லாம் ஒரே ஜாதியடா என்று மேடைப் பேச்சு ஆரம்பித்தான். இந்த ஒற்றுமையை வைத்து ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு புத்தகமே போட்டிருக்கிறார். பிற்பாடு வந்த மொழி நிபுணர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பூசானுக்குப் பக்கத்தில் இருக்கிற கிம்ஹேயில் ஓர் இந்திய இளவரசியின் சமாதி என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். கி.பி. 48-ல் 'ஆயுதா' தேசத்திலிருந்து கப்பலில் வந்தாள் என்று 13-ம் நூற்றாண்டுக் கொரிய நூல் ஒன்று சொல்கிறது. அது அயோத்தி என்கிறார்கள் சிலர், நம் கன்னியாகுமரி என்கிறார்கள் சிலர். வாட்ஸ்அப்பில் வந்த தகவலை வைத்துக்கொண்டு யாரும் அங்கே போய் 'எங்க ஊர்ப் பெண்ணுக்கு என்ன சீர் செய்தீர்கள்' என்று கேட்க வேண்டாம்.

சனிக்கிழமை ஜகல்ச்சி மீன் மார்க்கெட். வாசலில் அந்த ஊர்ப் பேச்சு வழக்கில் மூன்று வார்த்தை எழுதியிருக்கும். ஓஇசோ, போஇசோ, சாஇசோ. வாங்க, பாருங்க, வாங்குங்க! சியோல்காரர்கள் மூக்கைச் சுளிக்கிற பேச்சு. நம்மூரில் மதுரைப் பேச்சைப் பட்டணத்துக்காரன் கிண்டல் பண்ணுவானே, அந்த மாதிரி. விற்பதெல்லாம் பெண்கள்தான். ரப்பர் பூட்ஸ், சிவப்பு கிளவுஸ், சுருட்டை முடி. போரில் புருஷனைப் பறிகொடுத்து, ஊரையும் பறிகொடுத்து வந்த பெண்கள் ஒரு கூடை மீனை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வளர்த்த வியாபாரம் இது. இன்றைக்கும் அந்த அதட்டல் குரல் குறையவில்லை. கீழ்த்தளத்தில் மீனை வாங்கி மாடியில் கொடுத்தால் வெட்டிக் கொடுப்பார்கள். உட்காருவதற்குத் தலைக்கு இவ்வளவு என்று தனி பில். "மீனுக்கு ஒரு காசு, நாற்காலிக்கு ஒரு காசா?" என்று ஆடிட்டர் கொதித்தான். அவன் சாப்பிடவே இல்லை. நாற்காலிக்கு மட்டும் கட்டினான்.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. பூசானில் நீங்கள் அவல், பொட்டுக்கடலை கட்டிக்கொண்டு போவது உத்தமம். கிம்ச்சி முட்டைக்கோஸ்தானே என்று ஏமாறாதீர்கள். பெரும்பாலும் மீன் சாறும் உப்பு இறாலும் கலந்திருக்கும். ஆடிட்டர் மூன்று நாளும் பிழைத்தது தெருவில் விற்கிற ஹோட்டோக்கால். மாவுக்குள் வெல்லப்பாகு மாதிரி வைத்துச் சுட்டு, வயிற்றைக் கிழித்துப் பூசணி விதை, சூரியகாந்தி விதை திணித்துத் தருகிறார்கள். நம் போளிக்குத் தூரத்து உறவு.

நாங்கள் மற்ற மூவரும் மில்ம்யோன் சாப்பிட்டோம். ஐஸ் கட்டி மிதக்கிற ரசத்தில் நூடுல்ஸ். பரிமாறுகிற அம்மாள் கத்தரிக்கோலை எடுத்து நம் கிண்ணத்திலேயே நறுக் நறுக்கென்று வெட்டுவாள். பயப்படக் கூடாது. இதற்கும் ஒரு கதை இருக்கிறது. வடக்கே இருந்து ஓடி வந்தவர்களுக்கு நெங்ம்யோன் என்கிற குளிர்ந்த நூடுல்ஸ் உயிர். பாப்பரை மாவில் செய்வது. பூசானில் அந்த மாவு கிடையாது. கிடைத்தது அமெரிக்க நிவாரணக் கோதுமை மாவு. சரி, அதிலேயே பிசை என்று பிசைந்தார்கள். இன்று அது பூசான் ஸ்பெஷல் என்று சியோலிலிருந்து வந்து க்யூவில் நிற்கிறார்கள். பக்கத்து மார்க்கெட் ஒன்றுக்கு இன்றும் 'தகர டப்பா மார்க்கெட்' என்றே பெயர். அமெரிக்க ராணுவ முகாமிலிருந்து நழுவி வந்த டின் சாமான்கள் விற்ற இடம். பர்மாவிலிருந்து வந்தவர்கள் பிழைக்க வைத்த பர்மா பஜார் நமக்குத் தெரியும் என்பதால், மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

அதை ஒட்டி இருப்பது குக்ஜே மார்க்கெட். துணி, பாத்திரம், கண்ணாடி, கம்பளி என்று சந்து சந்தாகப் போகிறது. 2014-ல் இந்த மார்க்கெட்டின் பெயரிலேயே ஒரு படம் வந்து, 1 கோடியே 40 லட்சம் டிக்கெட் விற்றது. போரில் பிரிந்த அப்பா 'அத்தையின் கடைக்குப் போய் இரு, வருகிறேன்' என்று சொன்ன ஒரே வார்த்தைக்காக, கிழவனான பிறகும் கடையை விற்காமல் உட்கார்ந்திருக்கிறான் ஒருவன். நடுவில் தம்பி தங்கைகளைக் காப்பாற்ற மேற்கு ஜெர்மனிக்கு நிலக்கரி வெட்டப் போகிறான். கற்பனை இல்லை. 1963-லிருந்து சுமார் எட்டாயிரம் கொரிய ஆண்கள் ஜெர்மன் சுரங்கத்துக்கும், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் ஜெர்மன் ஆஸ்பத்திரிகளுக்கும் வேலைக்குப் போனார்கள். அவர்கள் அனுப்பிய மணியார்டரில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. பிள்ளைகளை வேற்று நாட்டுக்கு அனுப்பிப் பிழைத்த தேசத்துக்கு, இன்று செய்யாற்றிலிருந்து ஒரு பிள்ளை வேலைக்கு வந்திருக்கிறான். மாப்ளே இந்தப் படத்தை உல்சானில் ஹாஸ்டல் டி.வி.யில் பார்த்தானாம். "பாதியில ஆஃப் பண்ணிட்டேன் குரு" என்றான்.

மதியம் இரண்டு மணிக்கு யோங்டோ பாலத்துக்குப் போனோம். ஜகல்ச்சியிலிருந்து நடக்கிற தூரம். 1934-ல் கட்டின தூக்குப் பாலம். கப்பலுக்கு வழி விட்டுத் தூக்கும். 1966-ல் தூக்குவதை நிறுத்தினார்கள். பிறகு புதிதாகக் கட்டி, 2013-லிருந்து வேடிக்கைக்காக மறுபடி தூக்குகிறார்கள். நாங்கள் போன சனிக்கிழமை மணி அடித்ததும் போக்குவரத்தை நிறுத்தினார்கள். முப்பது மீட்டர் நீள ரோடு, மேலே போட்ட வெள்ளைக் கோட்டோடு சேர்ந்து எழுந்து வானத்தைப் பார்த்து நின்றது. குழந்தைகள் கை தட்டின. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் இறங்கிவிட்டது. அவ்வளவுதான் நிகழ்ச்சி.

ஆனால் இந்தப் பாலத்துக்கு ஜனங்கள் வைத்திருக்கிற மதிப்பு வேறு. வடக்கே குண்டு விழும்போது ஒரே ரயிலில், ஒரே கப்பலில் எல்லோருக்கும் இடம் கிடைக்குமா? 1950 டிசம்பரில் ஹங்நாம் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பல் 14 ஆயிரம் பேரை அடைத்துக்கொண்டு கிளம்பியது. பூசானில் இடமில்லை என்று சொல்லிவிட, பக்கத்து கோஜே தீவில் போய் இறக்கியது. வழியில் ஐந்து குழந்தைகள் பிறந்தன. மாலுமிகள் அவற்றுக்கு கிம்ச்சி 1, கிம்ச்சி 2 என்று 5 வரை நம்பர் போட்டே கூப்பிட்டார்கள். (பிற்பாடு ஜனாதிபதியான மூன் ஜே-இன்னின் பெற்றோரும் அந்தக் கப்பலில் வந்தவர்கள்தான்.) அப்படிச் சிதறியவர்களுக்குப் பூசானில் தெரிந்த இடம், பேர் கேட்ட இடம் இந்த ஒரு தூக்குப் பாலம்தான். 'பிரிஞ்சிட்டா யோங்டோ பாலத்துல பார்த்துக்கலாம்.' அவ்வளவுதான் விலாசம். பாலத்தின் கைப்பிடியெல்லாம் காகிதம் ஒட்டியிருந்தார்களாம். இன்ன ஊர், இன்னார் மகன், உயிரோடு இருக்கிறேன் என்று. நாள் கணக்கில் காத்திருந்து யாரும் வராதவர்கள் பாலத்தடிக்கு இறங்கினார்கள். அங்கே வரிசையாக ஜோசியர்கள். 'என் பெண்டாட்டி இருக்காளா, இல்லையா, அதை மட்டும் சொல்லு.'

ஜோசியர்களின் அந்த வரிசை இன்று இல்லை. பாலத்தில் காத்திருந்து பார்க்காதவர்கள் பலர் முப்பது வருஷம் கழித்து டி.வி.யில் பார்த்தார்கள். 1983-ல் கே.பி.எஸ். டெலிவிஷன் பிரிந்த குடும்பங்களைத் தேடி ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்துக்கு என்று போட்டது, நிறுத்த முடியாமல் 138 நாட்கள் ஓடியது. பத்தாயிரத்துச் சொச்சம் பேர் கிடைத்தார்கள். நிகழ்ச்சியில் வந்து தேடியவர்கள் ஐம்பதாயிரத்துக்கு மேல். மிச்சக் கணக்கை ஆடிட்டர்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை.

மாப்ளே அப்போது கொஞ்சம் தள்ளிப் போய் ஃபோன் பேசிக்கொண்டிருந்தான். காற்றில் பாதிதான் கேட்டது. "...சாப்டியாப்பா? ...ராத்திரிக்கு என்ன? ...மாத்திரை?" அங்கே செய்யாற்றில் அப்போது மணி பத்தரை, பதினொன்று இருக்கும். நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிற ஊர். அப்பாவுக்குக் காலை நேரத்திலேயே மகன் ராத்திரிச் சாப்பாட்டை விசாரித்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் குவாங்கல்லி. இது இன்னொரு கடற்கரை. எதிரே கடல் மேல் 7.4 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டடுக்குப் பாலம், முழுக்க விளக்கு. சனிக்கிழமை ராத்திரிகளில் நூற்றுக்கணக்கான ட்ரோன்கள் வானத்தில் படம் போடுகின்றன. திமிங்கிலம் வந்தது, பூ வந்தது, கார் வந்தது. ஜனம் ஆ என்றது. பேங்க் அதையும் எண்ணப் பார்த்து, பாதியில் விட்டான். விளக்கு விஷயத்தில் இவர்களை அடித்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

திரும்பி வந்தபோது விடுதிப் பாட்டி பார்லி டீ போட்டுக் கொடுத்தார். அவர் பேசுவதை ஃபோன் ஆங்கிலத்தில் சொன்னது; அது தடுமாறிய இடத்தில் மாப்ளே சொன்னான். அப்பா, அம்மா வடக்கே ஹம்ஹங் ஊர்க்காரர்கள். இவர் பிறந்தது பூசான் மலை மேல் ஒரு பலகை வீட்டில். இவருக்கு ஒரே மகன். சியோலில் கம்ப்யூட்டர் வேலை. வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறான், புது வருஷத்துக்கும் அறுவடைப் பண்டிகைக்கும். பிறகு சிரித்துக்கொண்டே ஒரு ஜோக் சொன்னார். பூசான் என்றால் 'கிழவனும் கடலும்'தானாம். ஹெமிங்வே நாவலின் பெயர். கொரிய மொழியில் அதைக் 'கிழடுகளும் கடலும்' என்றும் படிக்கலாம். அவை இரண்டும்தான் இங்கே மிச்சம் என்று பூசான்காரர்களே சொல்லிக்கொள்கிற ஜோக்.

ஜோக்கில் கணக்கு இருக்கிறது. 1990-களின் நடுவில் 39 லட்சம் வரை போன ஜனத்தொகை இப்போது 33 லட்சத்துக்கும் கீழே. 2021-ல் கொரியப் பெருநகரங்களிலேயே முதலாவதாக இங்கேதான் ஐந்தில் ஒருவர் 65 வயது தாண்டியவர் என்ற நிலை வந்தது. படித்த பையன்கள் கே.டி.எக்ஸ்.ஸில் ஏறி சியோலுக்குப் போய்விடுகிறார்கள். ஒரு காலத்தில் நாடே ஓடி வந்து ஒண்டிக்கொண்ட ஊரில், ரயில் எதிர்ப்பக்கம் நிரம்பிப் போகிறது. "உங்கள் மகனைத் திரும்பி வரச் சொல்லவில்லையா?" என்று மாப்ளே கொரிய மொழியில் கேட்டான். பாட்டி சொன்னதை அவன் எங்களுக்கு மொழிபெயர்க்கவில்லை. பேங்க் இரண்டு தடவை கேட்டும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காம்சோன். மலைச் சரிவில் தீப்பெட்டி அடுக்கின மாதிரி மஞ்சள், நீலம், ரோஸ் கலர் வீடுகள். காலண்டரில் பார்த்திருப்பீர்கள். 1950-களில் அகதிகள் ஒண்டின சேரி. 2009-ல் ஓவியர்கள் வந்து பெயின்ட் அடித்து, சிலை வைத்து, டூரிஸ்ட் ஸ்தலம் ஆக்கிவிட்டார்கள். 'குட்டி இளவரசன்' பொம்மை பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுக்க முக்கால் மணி நேரம் க்யூ. எனக்கு அந்தப் பொம்மையைவிட வீடுகள் நின்ற விதம் பிடித்தது. முன் வீடு பின் வீட்டின் பார்வையை மறைக்காதபடி படி படியாகக் கட்டியிருக்கிறார்கள். உடுத்த மாற்றுத் துணி இல்லாதவர்கள், பின்னால் இருப்பவனுக்கும் கடல் தெரியட்டும் என்று கட்டியிருக்கிறார்கள். இன்றும் உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள். சத்தம் போடாதீர்கள், ஜன்னலில் எட்டிப் பார்க்காதீர்கள் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். எட்டிப் பார்ப்பவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அங்கிருந்து நடந்து போனால் ஆமிடோங். இங்கே க்யூ இல்லை, பெயின்ட்டும் அதிகம் இல்லை. 1945 வரை கொரியாவை ஆண்ட ஜப்பான்காரர்களின் இடுகாடு இது. அவர்கள் போனபின் கேட்பாரற்றுக் கிடந்தது. போரில் ஓடி வந்தவர்களுக்குச் சமதரையில் இடமில்லை. மேலே வந்து, கல்லறை மேலேயே வீடு கட்டினார்கள். கல்லுக்கு எங்கே போவது? செத்தவர் பெயர் செதுக்கின கல்லையே வாசல்படியாக, சுவராக, காஸ் சிலிண்டர் வைக்கிற மேடையாகப் போட்டுக்கொண்டார்கள். இன்றும் பார்க்கலாம். ஒரு படியில் எழுத்து தேய்ந்து, பாதி தெரிந்தது. பக்கத்தில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு தொட்டியில் பச்சை வெங்காயம். தங்களை ஆண்டவனுடைய கல்லறைதான் என்றாலும், பண்டிகை நாளில் தங்கள் முன்னோருக்குப் படைக்கிற சோற்றில் அவர்களுக்கும் ஒரு கிண்ணம் வைக்கிற பழக்கம் இங்கே உண்டாம். ஆடிட்டர் அந்தப் படியில் கால் வைக்காமல் ஓரமாகவே நடந்து வந்தான்.

கடைசியாக டேஜோங்டே. யோங்டோ தீவின் நுனியில் பாறையும் பைன் மரமும். அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் நேராகக் கலங்கரை விளக்கத்துக்கு ஓடிவிடுகிறார்கள். வழியில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1976-ல் எழுப்பியது. போருக்கு மருத்துவக் குழு அனுப்பிய நாடுகளுக்காக. ஸ்வீடன், டென்மார்க், நார்வே, இத்தாலி... இந்தியா!

இந்தியா துப்பாக்கி அனுப்பவில்லை. 60-வது பாரசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற டாக்டர் படையை அனுப்பியது. 1950 நவம்பரில் அவர்கள் வந்து இறங்கினது இதே பூசான் துறைமுகத்தில்தான். தலைவர் யார் தெரியுமா? லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். 'ஏ' என்பது ஆற்காடு! இந்திய ராணுவத்தில் முதன்முதலாகப் பாரசூட்டில் குதித்தவர்களில் ஒருவர். வந்த மறுமாதமே சீனப் படை நெருங்கி, பியோங்யாங்கை விட்டு எல்லோரும் ஓடுகிறார்கள். வண்டி கிடையாது. மருந்தையும் ஆபரேஷன் சாமானையும் விட்டுவிட்டு வர இவர்களுக்கு மனசில்லை. எங்கோ கிடந்த ஒரு நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்து, வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தாங்களே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். 1951 மார்ச்சில் அமெரிக்கப் படையோடு சேர்ந்து முன்சானில் பாரசூட்டில் குதித்து, அங்கேயே காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள். இன்னொரு பிரிவு டேகு நகரத்தில் ஜனங்களுக்கு ஆஸ்பத்திரி நடத்தியது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. 2020-ல் கொரிய அரசு 'இந்த மாதத்துப் போர் வீரர்' என்று அவர் படத்தைப் போட்டுக் கௌரவித்தது.

மாப்ளே அந்தக் கல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஆற்காடு எங்க ஊர்லருந்து பஸ்ல ஒரு மணி நேரம் குரு. எங்க ஸ்கூல்ல யாருமே சொன்னதில்ல." எங்கள் ஸ்கூலிலும் சொன்னதில்லை. கலங்கரை விளக்கத்தை நாங்கள் பார்க்கவில்லை. நேரமாகிவிட்டது.

நோப்போ பஸ் நிலையத்தில் உல்சான் பஸ் பத்து நிமிஷத்துக்கு ஒன்று. மாப்ளே தன் பையிலிருந்து ஒரு பார்சல் எடுத்தான். முட்டி வலிக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் இருபது பாக்கெட், ஒரு கம்பளி சாக்ஸ், ஜின்செங் மிட்டாய். "அப்பாகிட்ட குடுத்துடுங்கடா. கூரியர்ல போட வேணாம். நேர்ல போய்க் குடுத்துட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிட்டு வாங்க."

"என்னடா சொல்லணும்?" என்றான் பேங்க்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். நான் ஃபோன்ல சொல்லிக்கிறேன்."

ஆடிட்டர் நோட்டைத் திறந்தான். மூன்று நாள் செலவை நாலாக வகுத்து, நாற்காலி வாடகை உட்பட, மாப்ளே பங்கில் 41 ஆயிரத்து 300 வான் பாக்கி என்று சொன்னான். பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. மாப்ளே படியில் ஏறி நின்றுகொண்டு திரும்பினான்.

"ரெண்டு வருஷம் கழிச்சு வந்து தரேன்டா."

ஆடிட்டர் ஒரு நிமிஷம் அவனையே பார்த்தான். பிறகு பேனாவை எடுத்துத் தேதி போட்டு எழுதிக்கொண்டான்.